அளவறிந்து ஊட்டுக

நீர்வேலிச் செம்பாட்டு நிலத்திலே வாழைத்தோட்டஞ் செய்வோர் ஒவ்வொருவருக்கும் தத்தம் கிணற்றின் அளவு தெரியும். எத்தனை மணி நேரம் இறைக்கலாம், எப்பொழுது நிறுத்திக் கிணற்றை ஊறவிட வேண்டும் என்பதை அவர்கள் எந்த நூலிலும் படித்தவர்களல்லர். துலா மிதித்த காலத்திலே மனிதனுடைய களைப்பே அந்த அளவைக் காத்தது. நீரிறைக்கும் யந்திரம் வந்தபின், களைப்பறியாத யந்திரத்தை நிறுத்தும் பொறுப்பு மனிதனுடைய அறிவின்மேல் விழுந்தது. நம் குடாநாட்டிலே சுண்ணக்கற் பாறையினுள் நன்னீர் மெல்லிய படையாகக் கிடக்கின்றது. அதன் கீழே உவர்நீர் உண்டு. அளவுக்கு மேல் இறைத்தால் உவர் மேலெழும். அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருத்தலை மாணவர் பலர் அறிவர்.

இவ்வாறு அளவறிந்து நடத்தவேண்டிய பொருளொன்று இன்று நம் வீடுகளினுள்ளும் புகுந்திருக்கின்றது. பிள்ளைகளின் படிப்பிற்காக வாங்கி வைத்திருக்கும் மேசைக் கணினியே அது. அதன் மூளை போன்ற நுண்செயலிக்கு, அதாவது கடைக்காரர் 'புரொசெசர்' என்று சொல்லும் உறுப்புக்கு, எவ்வளவு மின்னழுத்தம் ஊட்டுவது என்பதே இவ்வாரம் நாம் ஆராயும் விஷயம். இது பொறியியலாளருக்கு மட்டும் உரிய விஷயமன்றோ என்று வாசகர் கருதலாம். முன்னர் அப்படித்தான் இருந்தது. இப்பொழுதோ, பதினைந்து வயதுப் பிள்ளையும் கணினியைத் தொடக்கும்போது ஒரு விசையை அழுத்தி, 'பயோஸ்' என்னும் அமைப்புப் பக்கத்தினுட் புகுந்து, இந்த அளவைத் தன் விருப்பப்படி மாற்றிவிடலாம். வேகத்தைக் கூட்டும் வழி என்று வெளிநாட்டார் சொல்லும் காணொளிகளைப் பார்த்து அப்படிச் செய்யும் மாணவர் நம்மிடையே பலர் உளர். ஆதலால் பெற்றோரும் இதனைச் சிறிது அறிந்திருத்தல் நன்று.

சுவரிலுள்ளது வேறு, உள்ளேயுள்ளது வேறு

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். மின்னழுத்தம் என்றவுடன் நம்மவர் சுவரிலுள்ள 230 வோல்ற்றையே நினைப்பர். அது கூடினாலுங் குறைந்தாலும் கணினி கெடும் என்று அஞ்சி, நிலைப்படுத்தும் கருவியும் யூ.பி.எஸ். கருவியும் வாங்கி வைப்பர். வாங்குவது தவறன்று. ஆயினும் அந்த 230 வோல்ற்று நுண்செயலியைச் சென்று தொடுவதேயில்லை. கணினிப் பெட்டியினுள் இருக்கும் மின்வழங்கி முதலில் அதனை 12 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுகின்றது. பின்னர் தாய்ப்பலகையிலே நுண்செயலியைச் சூழ்ந்திருக்கும் ஒழுங்காக்கிச் சுற்று, அந்த 12 வோல்ற்றை ஏறத்தாழ ஒரு வோல்ற்றுக்கு இறக்குகின்றது. சுவரில் வரும் மின்னழுத்தம் சிறிது ஏறி இறங்கினாலும் மின்வழங்கி அதனைத் தன்னோடு நிறுத்திவிடும். நாம் பேசப் புகுந்தது கடைசிப் படியாகிய அந்த ஒரு வோல்ற்றைப் பற்றியே.

ஒரு வோல்ற்றுத்தானே, விரலால் தொட்டாலும் தெரியாத அளவல்லவா என்று எண்ணிவிடலாகாது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 150 உவாற்று வலுவைச் சுவரிலிருந்து 230 வோல்ற்றிலே பெற்றால், ஓடும் மின் ஓர் அம்பியரிலும் குறைவு, ஏறத்தாழ 0.65 அம்பியர். அதே 150 உவாற்றை 1.2 வோல்ற்றிலே கொடுக்க வேண்டுமாயின் 125 அம்பியர் ஓட வேண்டும். நம் வீடொன்றிற்குக் கொடுக்கப்படும் சாதாரண இணைப்பு 30 அம்பியர் தான். வீட்டிற்கு உரிய அளவினும் நான்கு மடங்கு மின்னோட்டம், பெருவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய சிலிக்கன் துண்டொன்றிற் பாய்கின்றது! அங்கே ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கும் பெரிய பங்கேயாம்.

இந்த அளவு எப்பொழுதும் இவ்வளவு சிறிதாக இருந்ததில்லை. 1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 திரான்சிற்றர்கள் இருந்தன. அதற்கு 15 வோல்ற்று வேண்டியிருந்தது. 1978இல் வந்த 8086 என்பதற்கு 5 வோல்ற்றுப் போதுமாயிற்று. 1974ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனாட் என்பாரும் அவர்தம் துணைவரும் ஓர் ஒழுங்கைக் காட்டினர். திரான்சிற்றரின் உருவைச் சிறுக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்திற் குறைத்துக்கொண்டே போனால், ஒரே பரப்பில் எத்தனை திரான்சிற்றர்களை அடைத்தாலும் வெப்பம் கூடாது என்பதே அது. முப்பது ஆண்டுகள் வரை அந்த ஒழுங்கு கைகொடுத்தது. 2005ஆம் ஆண்டை அண்மித்தபோது மின்னழுத்தத்தை மேலுங் குறைக்க முடியாத எல்லை வந்துவிட்டது. உருவமோ பின்னுஞ் சிறுத்துக்கொண்டே போகின்றது. இன்றைய நுண்செயலிக்கு நாம் கொடுக்கும் ஒரு வோல்ற்று அதன் உடம்பிற்கு ஏற்கெனவே கனத்த உணவு என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

ஏன் கூட்டுகின்றனர்?

1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாடு பல வருடங்கள் மின்சாரமின்றி இருந்ததை இன்று நாற்பது வயதைத் தாண்டியோர் மறக்கமாட்டார்கள். ஜாம் போத்தல் விளக்கிலே படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்னிலே வானொலிச் செய்தி கேட்டோம். மெல்லச் சுழற்றினால் வானொலி முனகும். விரைந்து சுழற்றினால் மின்னழுத்தம் ஏறி வானொலிக்கே ஆபத்து வரும். ஆதலால் சுழற்றும் பிள்ளையின் கையை வீட்டார் கவனித்துக்கொண்டே இருப்பர். மின்னழுத்தம் என்பதைப் பாடப்புத்தகத்திற் காணுமுன்னரே நாம் கையினாற் கற்றது அவ்வாறே.

நுண்செயலியிலும் வேகமும் மின்னழுத்தமும் பிணைந்தே நிற்கின்றன. திரான்சிற்றர் என்பது வாய்க்கால் மடை போன்றது, திறக்கும், மூடும். ஒரு விநாடியில் 450 கோடி முறை திறந்து மூடு என்று கட்டளையிட்டால், அதாவது மீடிறன் 4.5 கிகா ஹேற்ஸ் ஆயின், ஒவ்வொரு முறையும் அது நேரந் தவறாமல் திறந்து முடிய வேண்டும். மின்னழுத்தம் கூடினால் மடை விரைந்து திறக்கும். குறைந்தால் மெல்லத் திறக்கும். உரிய நேரத்தில் திறந்து முடியாவிடின் ஒன்று என்று எழுதவேண்டிய இடத்தில் சுழியம் விழும். கணக்குப் பிழைக்கும்; கணினி நடுவழியில் நின்றுபோகும். ஆகவே மீடிறனை உயர்த்த விரும்புவோர் மின்னழுத்தத்தையும் உயர்த்துகின்றனர்.

எந்த வேகத்திற்கு எவ்வளவு வோல்ற்று என்னும் அட்டவணையைத் தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு நுண்செயலிக்கும் சோதித்து அதனுள்ளே பதித்துவிடுகின்றனர். ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் நட்ட வாழைகள் ஈனும் குலைகளெல்லாம் ஒரே நிறையாக இருப்பதில்லை. அதுபோலவே ஒரே பெயரும் ஒரே இலக்கமும் தாங்கிய இரண்டு நுண்செயலிகளின் தாங்குதிறனும் ஒன்றாக இருப்பதில்லை. 'என் நண்பன் இந்த அளவு வைத்திருக்கிறான். நானும் வைக்கிறேன்' என்னும் நியாயம் இங்கே செல்லாது.

வெப்பத்தின் கணக்கு

நுண்செயலி செலவிடும் வலு மீடிறனுக்கு நேர்விகிதமாகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாகவும் மாறும். மாணவர் இந்த 'வர்க்கம்' என்னும் சொல்லை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும். 4.5 கிகா ஹேற்ஸ் வேகத்தில் 1.20 வோல்ற்றிலே 100 உவாற்று வெப்பம் தரும் ஒரு நுண்செயலியை எடுத்துக்கொள்வோம். அதனை 4.8 கிகா ஹேற்ஸுக்கு உயர்த்தி, அதற்காக 1.40 வோல்ற்று ஊட்டுகின்றோம் எனின், மின்னழுத்தத்தால் மட்டும் வெப்பம் நூற்றுக்கு 36 பங்கு ஏறும். மீடிறனின் உயர்வையுஞ் சேர்த்தால் ஏறத்தாழ 145 உவாற்று ஆகும். கிடைத்த வேகம் நூற்றுக்கு ஏழு பங்கிற்குச் சற்றுக் குறைவு. கொடுத்த விலை நூற்றுக்கு 45 பங்கு அதிக வெப்பம். இதனை நல்ல வியாபாரம் என்று நம்மூர்ச் சந்தையில் எவருஞ் சொல்லார்.

இந்தக் கணக்கு மறுபுறமும் நமக்கு உதவும். 1.30 வோல்ற்றிலே ஓடுவதை அதே வேகத்தில் 1.20 வோல்ற்றிலே ஓடச் செய்ய முடியுமாயின் வெப்பம் நூற்றுக்கு 15 பங்கு குறையும். இதனைப் பின்னர்க் கவனிப்போம்.

இன்னும் ஒன்று. காணொளியில் அளவு சொல்பவர் இருப்பது குளிர்நாட்டிலாகவோ குளிரூட்டிய அறையிலாகவோ இருக்கலாம். நம் பிள்ளையின் கணினி இருப்பது சித்திரை வைகாசி வெயிலில் 33, 34 பாகைக்கு ஏறும் அறையில். வெப்பத்தை அகற்றும் உலோகத் தகடுகளின் இடுக்குகளிலே நம் செம்மண் புழுதி படிந்து போர்வை போல மூடியுமிருக்கும். ரொறன்ரோவிலுள்ள மாமா மகன் வைத்த அளவு ரொறன்ரோவிற்கே உரியது.

கண்ணுக்குத் தெரியாத தேய்வு

வெப்பம் மிஞ்சினால் இன்றைய நுண்செயலிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் மிஞ்சினால் கணினியை நிறுத்திவிடும். பல இன்டெல் செயலிகளுக்கு அந்த எல்லை 100 பாகை, ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 7000 வரிசையிற் பலவற்றிற்கு 95 பாகை. இந்தக் காவல் இருக்கையில் அஞ்சுவானேன் என்பர் சிலர். உடனே எரிந்துபோகும் ஆபத்தை இக்காவல் பெரும்பாலும் தடுக்கும். மெல்ல மெல்ல நிகழும் தேய்வை அது தடுக்காது.

அத்தேய்வு இருவகைப்படும். முதலாவது, நுண்செயலியின் உள்ளேயுள்ள செப்புக் கம்பிகளின் அரிப்பு. மயிரிழையினும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய அக்கம்பிகளிற் பெருமளவு இலத்திரன்கள் பாயும்போது, அவை செப்பு அணுக்களைச் சிறிது சிறிதாக முன்னே தள்ளிச் செல்கின்றன. விசையாகப் பாயும் நீர் வாய்க்கால் வரம்பை ஓரிடத்தில் அரித்து வேறோரிடத்தில் மண்ணைக் குவிப்பதை ஒக்கும் இது. அரிக்கப்பட்ட இடத்திற் கம்பி அறும். குவிந்த இடத்தில் அயற்கம்பியோடு முட்டும். மின்னோட்டமும் வெப்பமும் கூடக்கூடக் கம்பியின் ஆயுள் எவ்வளவு விரைவாகக் குறையும் என்பதை 1969ஆம் ஆண்டில் மொற்றறோலா நிறுவனத்து ஜேம்ஸ் பிளாக் என்பார் சமன்பாடாகவே எழுதிக் காட்டினார். பொறியியலாளர் இன்றும் அதனை எடுத்தாளுகின்றனர்.

இரண்டாவது, காவலிப் படையின் முறிவு. திரான்சிற்றரைத் திறந்து மூடும் வாயிலுக்குக் கீழே மின்னைக் கடத்தாத மெல்லிய படையொன்று உண்டு. அதன் தடிப்பு 2 நனோமீற்றர் எனக் கொண்டு, அதன் குறுக்கே 1.2 வோல்ற்றை வைத்தால், மீற்றர் ஒன்றிற்கு 60 கோடி வோல்ற்று என்னும் கணக்கு வரும். காற்று, மீற்றர் ஒன்றிற்கு ஏறத்தாழ 30 இலட்சம் வோல்ற்றிலே முறிந்து மின்னல் பாய இடங்கொடுத்துவிடும். மின்னலைப் பிறப்பிக்கும் விசையினும் இருநூறு மடங்கை அச்சிறு படை இரவு பகலாகத் தாங்கி நிற்கின்றது! அதன்மேல் இன்னும் சிறிது கூட்டுவோம் என்று நினைக்கும்போது கை சற்றுத் தயங்க வேண்டாமா?

இவ்விரு தேய்வுகளும் ஒரே நாளில் வெளிப்படுவதில்லை. முன்பு 1.25 வோல்ற்றிலே திடமாக ஓடிய செயலி, ஓராண்டின் பின் அதே வேலைக்கு 1.30 வோல்ற்றுக் கேட்கும். கொடுத்தால் தேய்வு இன்னும் விரையும். கடன்பட்டவன் வட்டி கட்டுவதற்கு மறுபடியும் கடன்படுவது போன்ற நிலை இது.

ஆக்கியோரும் அளவு தவறினர்

பத்திலொரு வோல்ற்றின் அருமையை ஆக்கியோரும் அண்மையிலே பெருநட்டப்பட்டே உணர்ந்தனர். 2023ஆம் ஆண்டு ஏப்ரிலில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 7000 வரிசைச் செயலிகள் சில, தாம் பொருந்தியிருந்த தாய்ப்பலகையோடு கருகிப் புடைத்த படங்கள் வெளிவந்தன. நினைவகத்தின் வேகத்தை உயர்த்தும் அமைப்பைத் தெரிந்தெடுத்தபோது, செயலியின் மற்றொரு பகுதிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைச் சில தாய்ப்பலகைகள் அளவுக்கு மேல் உயர்த்தின. அப்பகுதிக்கு 1.30 வோல்ற்றுக்கு மேற் செல்லாதபடி உடனே வரம்பு இடப்பட்டது. வேகத்தைக் கூட்டும் விசை எங்கேயோ இருக்க, சேதம் வேறெங்கேயோ விளைந்ததைக் கவனியுங்கள்.

அடுத்த ஆண்டு இன்டெல் நிறுவனத்தின் முறை. அதன் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகளில் உயர்தரமானவை பல, வாங்கிய சில மாதங்களிலே தடுமாறத் தொடங்கின. விளையாட்டு நிரல்கள் தொடங்கும்போதே நின்றன. திரையிலே தோன்றிய செய்தியோ, காட்சி அட்டையின் நினைவகம் போதவில்லை என்றது! குற்றம் செயலியில், பழி காட்சி அட்டையில். செயலி தனக்கு வேண்டிய மின்னழுத்தத்தைக் கேட்கும் உள்நிரலே அளவுக்கு மேற் கேட்டுவிட்டது என்று 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஓகஸ்டில் வெளியிட்ட திருத்தம், செயலி 1.55 வோல்ற்றுக்கு மேற் கேட்பதைத் தடுத்தது. மிகையான மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து, செயலியின் உள்ளே காலங்காட்டும் சுற்றை முதுமையடையச் செய்தன என்பது செப்டெம்பரில் விளக்கப்பட்டது. உத்தரவாதக் காலத்தை இரண்டாண்டு நீடித்தனர். ஆயினும் ஏற்கெனவே தேய்ந்துபோன செயலியை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியவில்லை. மாற்றிக் கொடுப்பதே வழியாயிற்று.

உலகின் பெரிய ஆய்வுகூடங்களை உடையோரே இவ்வாறு தவறினர் எனின், இரவு பதினொரு மணிக்கு ஒரு காணொளியைப் பார்த்து அளவு வைக்கும் பிள்ளையைப் பற்றி என்ன சொல்வது?

இவ்வூரிலே வாழைத்தோட்டஞ் செய்யும் ஒருவர் தம் மகனுக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுத்தார். ஒரு போகத்துக் குலை விற்ற காசு அதற்கே போயிற்று. மகன் கெட்டிக்காரன். வேகத்தைக் கூட்டி, 1.45 வோல்ற்று என்று நிலையாகப் பதித்துவிட்டான். எட்டு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தன. பின் கணினி இடையிடையே நின்றது, நீலத்திரை தோன்றியது. நினைவகத்தை மாற்றினர். பிறகு மின்வழங்கியை மாற்றினர். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையிலேதான் நுண்செயலியே தேய்ந்துவிட்டது என்பது தெரிந்தது. அதை விளக்கிச் சொன்னபோது தந்தையார் கேட்ட கேள்வி இது: "மாஸ்ரர், கிணறு வத்தினால் மாரிக்கு ஊறும். இது ஊறாதோ?"

ஊறாது. கிணற்றுக்கும் நுண்செயலிக்கும் உள்ள வேற்றுமை அதுவே. அளவு மீறி இறைத்த கிணற்றை ஒரு நல்ல மாரி ஓரளவு மன்னித்துவிடும். சிலிக்கனுக்கு மாரி இல்லை.

செய்யத்தக்கவை

'அப்படியானால் எத்தனை வோல்ற்றுப் பாதுகாப்பானது?' என்று கேட்பீர்கள். ஒரேயோர் எண்ணைச் சொல்ல முடியாது. மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பம், காலம் என்னும் நான்குஞ் சேர்ந்தே தேய்வை நிர்ணயிக்கின்றன. ஒரு கடிதந் தட்டச்சு செய்யும்போது செயலி ஒரு கணம் 1.4 வோல்ற்றைத் தாண்டுவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை; அப்போது ஓடும் மின்னோட்டம் சிறிது. அதே 1.4 வோல்ற்று, எல்லா உட்கருக்களும் முழுச்சுமையோடு உழைக்கும்போது மணிக்கணக்கில் நிலைத்து நிற்பதே ஆபத்து. ஆகவே ஓர் எண்ணுக்குப் பதிலாக ஒரு விதியைத் தருகின்றேன். உங்கள் செயலி, தொழிற்சாலை அமைப்பிலே, முழுச்சுமையில் தானாகக் கேட்கும் மின்னழுத்தம் எதுவோ அதனையே உங்கள் மேல்வரம்பாகக் கொள்ளுங்கள். அதற்குக் கீழே இறங்கலாம், மேலே ஏறவேண்டாம்.

முதலாவதாக, அளந்து குறியுங்கள். எச்.டபிள்யூ.இன்போ போன்ற இலவச நிரலொன்றால் செயலியின் மின்னழுத்தம், வெப்பம், வலு ஆகியவற்றைப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போது எவ்வளவு, அரைமணி நேரம் கடுமையாக உழைத்தபின் எவ்வளவு என்பதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஆறு மாதத்திற்கு ஒருமுறை மீண்டும் எழுதுங்கள். எண்கள் ஏறிக்கொண்டே போனால் ஏதோ நிகழ்கின்றது என்று அறியலாம்.

இரண்டாவதாக, பயோஸ் பக்கத்திலே மின்னழுத்தத்தை ஒரே எண்ணாக நிலைநிறுத்தி வைக்காதீர்கள். நிலைநிறுத்தினால் வேலையில்லாத நேரத்திலும் செயலி முழு அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கும். தானாக ஏறி இறங்கும் முறையிலேயே விட்டுவிடுங்கள். உற்பத்தியாளரின் இயல்பு அமைப்பு என்றொன்று இருந்தால் அதனைத் தெரியுங்கள். தாய்ப்பலகை செய்வோர் சிலர், தம் பலகையே வேகமானது என்று காட்டுவதற்காக வலுவின் வரம்பைத் தளர்த்தி அனுப்புவதுண்டு.

மூன்றாவதாக, பயோஸ் நிரலைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன இன்டெல், ஏ.எம்.டி. செயலிகளை உடையோர் இதனைத் தள்ளிப்போடலாகாது; திருத்தங்கள் அவ்வழியாகவே வருகின்றன. ஆனால் புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே உயிரற்றுப் போகக்கூடும். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததால் இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். நல்ல யூ.பி.எஸ். கருவி இல்லாமல் இவ்வேலையைத் தொடங்கவேண்டாம்.

நான்காவதாக, பயோஸில் 'லோட் லைன்' என்றோர் அமைப்பைக் காண்பீர்கள். தோட்டத்து மோட்டர் தொடங்கும்போது வீட்டு விளக்கு மங்குவதுபோல, செயலிக்குச் சுமை வந்தவுடன் அதன் மின்னழுத்தமுஞ் சற்று இறங்கும். அதனை ஈடுசெய்வது இவ்வமைப்பு. இதனை உச்சத்தில் வைத்தால், சுமை நீங்கும் கணத்திலே மின்னழுத்தம் துள்ளி மேலே எழும். அந்தத் துள்ளல் சாதாரண நிரல்களின் கண்ணில் படுவதில்லை. இயல்பான இடத்திலேயே அது இருக்கட்டும்.

ஐந்தாவதாக, ஏதேனும் செய்தே பார்க்கவேண்டும் என்னும் ஆவலுடைய மாணவர், கூட்டுவதை விட்டுக் குறைத்துப் பாருங்கள். இயல்பான அளவிலிருந்து 0.025 வோல்ற்றுக் குறைத்து, ஒரு நாள் முழுதும் எல்லா வேலைகளையுஞ் செய்து சோதியுங்கள். பிழையில்லையெனின் இன்னும் 0.025 குறையுங்கள். தடுமாறத் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏறி நில்லுங்கள். குறைத்ததனாற் செயலி கெடுவதில்லை. கணினி நின்றுபோனால் பழைய அமைப்பிற்கு மீளலாம். எழுதிக்கொண்டிருக்கும் கோப்புகளை மட்டும் முதலிலே வேறிடத்திற் பிரதிசெய்து வையுங்கள். இது திறமையைக் காட்டாத முயற்சி என்று கருதவேண்டாம். அதே வேலையைக் குறைந்த வெப்பத்தில், குறைந்த மின்கட்டணத்தில் செய்விப்பதற்கே கூடிய பொறுமையும் அறிவும் வேண்டும். ஏ.எம்.டி. செயலிகளில் 'எக்கோ மோட்' என்னும் அமைப்பும் வலுவிற்கு வரம்பிட்டு இவ்வகையான நன்மையைத் தரும்.

ஆறாவதாக, துப்புரவு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை மின்னிணைப்பைக் கழற்றி, விசிறியிலும் உலோகத் தகடுகளிலும் படிந்த செம்மண் தூசியை மென்மையான தூரிகையால் நீக்குங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, செயலிக்கும் உலோகத் தகட்டிற்கும் இடையிலுள்ள வெப்பப் பசையைப் புதுப்பியுங்கள். மின்னழுத்தத்தைத் தொடாமலே செயலியின் ஆயுளை நீடிக்கும் எளிய வழி இதுவே.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை கணினியின் உள்ளே கை வைக்கின்றான், வைக்கின்றாள் என்று அறிந்தவுடன் தடுத்துவிடாதீர்கள். ஆராயும் கை நல்ல கை. 'இதனை ஏன் மாற்றினாய்? மாற்றுமுன் எவ்வளவு இருந்தது? எங்கே எழுதி வைத்திருக்கிறாய்?' என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றிற்கும் விடை சொல்லும் பிள்ளையிடம் கணினியை நம்பி ஒப்படைக்கலாம். விடை தெரியாத பிள்ளையை, இந்தப் பத்திரிகையையும் ஒரு கொப்பியையும் கையிற் கொடுத்து, முதலில் அளந்து எழுதச் சொல்லுங்கள்.

அடுத்த கிழமை, மாரி காலத்து இடிமின்னலிலிருந்து வீட்டு மின்கருவிகளைக் காக்கும் வழிகளை ஆராய்வோம்.